வெளியே வாய் திறக்காத சர்வர்: பாதுகாப்பு இணைப்பும் டீபக் லாக்கும்

(இறுதியாண்டு, கம்ப்யூட்டர் பிரிவு)



புராஜெக்ட் வைவா நாள். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பக்கத்து டேபிளுக்கு வந்துவிட்டார். அடுத்தது நாங்கள்தான். கிணற்றில் தண்ணீர் மட்டத்தை அளந்து, ராஸ்பெர்ரி பை மூலமாக வாடகை சர்வர் ஒன்றுக்கு அனுப்புவது எங்கள் புராஜெக்ட். தியரி பரீட்சைக்காக மூன்று வாரம் அட்டைப் பெட்டியில் மூடி வைத்திருந்ததை அன்று காலையில்தான் எடுத்து ஆன் செய்தோம். திரையில் "அப்லோட் ஃபெயில்டு" என்று வந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே வரி. "என்னடா இது, அன்னிக்கு ஓடுச்சே!" என்று மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம்.

செல்போன் பிரவுசரில் அதே முகவரியைத் திறந்தால் பக்கம் அழகாக வருகிறது. ஆகவே சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. சரி, சர்வரின் எரர் லாக்கைப் பார்ப்போம் என்று லேப்டாப்பில் உள்ளே நுழைந்தோம். லாக் ஃபைல் காலி. ஒரு வரி கூட இல்லை! தவறு நடக்கிறது, ஆனால் தவறைப் பற்றிய பதிவு இல்லை. அன்று எங்களை அதிகமாகப் பயமுறுத்தியது அந்த வெற்று ஃபைல்தான். அதை எப்படிப் பேச வைத்தோம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஹோஸ்டிங், மெயில் சர்வர், ஐஓடி என்று எந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும் இது உங்களுக்கும் ஒருநாள் வந்தே தீரும்.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. பாதுகாப்பு இணைப்பு முறிந்தால் ஏன் காரணம் தெளிவாக வருவதில்லை? சாதாரண ஹெச்டிடிபி-யில் பக்கம் இல்லை என்றால் 404, உரிமை இல்லை என்றால் 403 என்று சர்வர் சொல்லிவிடும். ஆனால் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறை வேண்டுமென்றே வாயைக் கட்டிக் கொள்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. நெட்ஸ்கேப் கம்பெனி 1995-ல் எஸ்எஸ்எல் 2.0-வையும், 1996-ல் எஸ்எஸ்எல் 3.0-வையும் வெளியிட்டது. 1998-ல் டேனியல் பிளைகன்பாகர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு தாக்குதலை விளக்கினார். சர்வருக்கு வேண்டுமென்றே மாற்றிய செய்திகளைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். எந்தச் செய்திக்கு எந்த வகை எரர் வருகிறது என்ற வித்தியாசத்தை மட்டும் வைத்துக் கொண்டே, பூட்டிய ரகசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்து விடலாம்! சர்வர் நல்ல மனசோடு சொன்ன எரர் மெசேஜே திருடனுக்குச் சாவியாகிவிட்டது. 1999-ல் வந்த டிஎல்எஸ் 1.0 முதல் 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3 வரை, வெளியாட்களிடம் குறைவாகப் பேசு என்ற போக்கு வளர்ந்து கொண்டே வந்திருக்கிறது.

ஆகவே வெளியே அது சொல்வது ஒரே ஒரு எண்தான். அதற்கு அலர்ட் என்று பெயர். முழுக் காரணமும் உள்ளே, அந்தந்த முனையின் லாக்கில்தான் இருக்கும், அதுவும் நாம் கேட்டால் மட்டும். லாக்கைத் திறப்பது இங்கே ஏதோ உபரி வசதி என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வழியே கிடையாது.

இந்த இடத்தில் ஹேண்ட்ஷேக் பற்றி இரண்டு வரி. கிளையன்ட் முதலில் "வணக்கம், எனக்கு இன்னின்ன டிஎல்எஸ் பதிப்புகள் தெரியும், இன்னின்ன சைஃபர்கள் தெரியும், இந்தப் பெயருள்ள தளம் வேண்டும்" என்று கிளையன்ட்ஹலோ அனுப்பும். சர்வர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து சர்வர்ஹலோ அனுப்பும். பிறகு தன் சர்டிஃபிகேட்டைக் காட்டும். கிளையன்ட் அதைச் சரிபார்க்கும். இருவரும் சாவியை ஒப்புக்கொண்டு "முடிந்தது" என்று சொல்லிக் கொண்டால்தான் உண்மையான டேட்டா நகரும். டிஎல்எஸ் 1.2 வரை சர்டிஃபிகேட் திறந்த நிலையிலேயே போனது. வயர்ஷார்க்கைப் போட்டு வேடிக்கை பார்க்கலாம். 1.3-ல் சர்வர்ஹலோவுக்குப் பிறகு எல்லாமே பூட்டப்பட்டுவிடும், சர்டிஃபிகேட் உட்பட. நடுவில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த வகையில் சர்வர் லாக்கின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

இனி எங்கள் காலி ஃபைலுக்கு வருவோம். எங்கள் சர்வரில் ஓடியது என்ஜின்எக்ஸ். அதன் லாக்கில் டீபக், இன்ஃபோ, நோட்டீஸ், வார்ன், எரர், கிரிட், அலர்ட், எமர்ஜ் என்று கீழிருந்து மேலாகப் படிகள் உண்டு. நாம் எந்தப் படியைக் குறிப்பிடுகிறோமோ அதுவும் அதற்கு மேலே உள்ளவையும்தான் பதிவாகும். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் எரர் என்ற படி. இதில்தான் சூட்சுமம். ஹேண்ட்ஷேக்கில் கிளையன்ட் பக்கத்துக் கோளாறு என்று என்ஜின்எக்ஸ் கருதும் பலவற்றை அது எரர் படியில் எழுதுவதே இல்லை, இன்ஃபோ படியில் எழுதுகிறது. இணையத்தில் கண்டவனெல்லாம் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போவான், அதையெல்லாம் எரர் என்று எழுதினால் ஃபைல் குப்பையாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. நியாயம்தான். ஆனால் அன்று கதவைத் தட்டி ஏமாந்தது எங்கள் சொந்தப் பையாச்சே!

ஆகவே முதல் வேலை, எரர்_லாக் என்ற வரியின் கடைசியில் இன்ஃபோ என்று சேர்ப்பது. எடுத்த எடுப்பில் டீபக் போட வேண்டியதில்லை. பல சமயம் இன்ஃபோவிலேயே விடை கிடைத்துவிடும். மாற்றிய பிறகு என்ஜின்எக்ஸ் கட்டளையை -டி என்ற ஸ்விட்சோடு ஓட்டிப் பாருங்கள். கான்ஃபிக் ஃபைலில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும். பிறகு ரீலோட். ரீஸ்டார்ட் வேண்டாம். ரீலோட் செய்தால் ஏற்கெனவே பேசிக் கொண்டிருப்பவர்களின் இணைப்பு அறுந்து போகாது.

இன்ஃபோ போதவில்லை என்றால்தான் டீபக். இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, டீபக் வசதி சேர்த்துக் கம்பைல் செய்யப்பட்ட என்ஜின்எக்ஸாக இருக்க வேண்டும். பெரிய வி போட்ட ஸ்விட்சோடு கட்டளையை ஓட்டினால் கம்பைல் செய்த விவரம் வரும். அதில் "வித்-டீபக்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். டெபியன் பேக்கேஜில் இருக்கும். என்ஜின்எக்ஸ் தளத்தின் சொந்தப் பேக்கேஜில் இதற்காகவே என்ஜின்எக்ஸ்-டீபக் என்று தனி புரோகிராம் தருகிறார்கள். இரண்டாவது பள்ளத்தில் நாங்களே விழுந்தோம். மெயின் பகுதியில் லாக் படியை மாற்றிவிட்டு, "ஒண்ணுமே வரலையே சார்" என்று எங்கள் சாரிடம் போய் நின்றோம். அவர் பார்த்துவிட்டு, கீழே சர்வர் பிளாக்கில் இன்னொரு எரர்_லாக் வரி படி குறிப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். உள்ளே இருக்கும் வரி வெளியே இருப்பதை அமுக்கிவிடும்!

இன்னொரு அருமையான வசதி டீபக்_கனெக்‌ஷன் என்ற வரி. ஈவென்ட்ஸ் பிளாக்கில் ஒரு ஐபி முகவரியைக் கொடுத்தால், அந்த முகவரியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு மட்டும் டீபக் பதிவாகும். மற்ற எல்லோருக்கும் பழைய படியே. ஆயிரம் பேர் பயன்படுத்தும் சர்வரில் ஒரே ஒரு வாடிக்கையாளருக்குத்தான் பிரச்சினை என்றால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

அப்பாச்சி வைத்திருப்பவர்களுக்கு: 2012-ல் வந்த 2.4 பதிப்பிலிருந்து ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனி லாக் படி வைக்கலாம். லாக்லெவல் என்ற வரியில் பொதுவாக வார்ன் என்று வைத்துவிட்டு, பக்கத்திலேயே எஸ்எஸ்எல்:டீபக் என்று எழுதினால் பாதுகாப்புப் பகுதி மட்டும் விரிவாகப் பேசும், மற்றவை அடங்கியிருக்கும். டீபக்குக்கும் கீழே ட்ரேஸ்1 முதல் ட்ரேஸ்8 வரை எட்டுப் படிகள் உண்டு. ட்ரேஸ்7, ட்ரேஸ்8 எல்லாம் டேட்டாவை மூட்டை மூட்டையாகக் கொட்டும். நமக்குத் தேவைப்படாது. டாம்கேட் ஜாவாவில் ஓடுவதால் வழி வேறு. ஜாவாவைக் கிளப்பும்போதே ஜாவாஎக்ஸ்.நெட்.டீபக் என்ற பிராப்பர்ட்டிக்கு எஸ்எஸ்எல்:ஹேண்ட்ஷேக் என்று மதிப்புக் கொடுக்க வேண்டும், விவரம் கேட்டலினா.அவுட் ஃபைலில் வந்து விழும்.

இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரின் ஏற்பாடு. எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_லாக்லெவல் என்று ஒரு அமைப்பு. 0 என்றால் மௌனம். 1 என்றால் ஹேண்ட்ஷேக் முடிந்ததும் ஒரு சுருக்க வரி. 2 என்றால் பேச்சுவார்த்தையின் ஒவ்வொரு கட்டமும். 3 என்றால் அந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் ஹெக்ஸாக. 4 என்றால் அதற்குப் பிறகு போகும் முழுப் பரிமாற்றமும். இத்தனையும் கொடுத்துவிட்டு அவர்களே மேனுவலில், கோளாறு இருந்தாலொழிய 2-க்கோ அதற்கு மேலோ போகாதே, 4 கூடவே கூடாது என்கிற தொனியில் எச்சரித்தும் இருக்கிறார்கள். ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

சரி, இன்ஃபோ போட்டு ரீலோட் செய்தோம். பை மறுபடி முயன்றதும் லாக்கில் ஒரு நீளமான வரி வந்தது. ஹேண்ட்ஷேக் ஃபெயில்டு, எஸ்எஸ்எல்வி3 அலர்ட் பேட் சர்டிஃபிகேட், அலர்ட் நம்பர் 42 என்பது அதன் சாரம். பார்த்ததும் எங்களில் ஒருவன் துள்ளினான்: "எஸ்எஸ்எல் 3-ன்னு வருதுடா, பழைய பதிப்புல பேசுது, அதான் பிரச்சினை!" அது தவறு. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் அந்த எரருக்குப் பழங்காலத்தில் வைத்த பெயர் அப்படி. அந்த நூலகத்தின் பழைய பதிப்புகளில் இணைப்பு 1.2 ஆனாலும் 1.3 ஆனாலும் அதே பெயர்தான் வந்தது. எஸ்எஸ்எல் 3.0 என்ற நெறிமுறையே 2014-ல் பூடில் என்ற தாக்குதலுக்குப் பிறகு ஓரங்கட்டப்பட்டு, 2015-ல் முறைப்படி விலக்கப்பட்டது. இந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்து பாதி நாளைத் தொலைத்தவர்கள் உலகத்தில் நிறைய பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அலர்ட்டைப் படிக்கும்போது எண்ணைவிட முக்கியம் திசை. அனுப்பியது யார்? சர்வர் லாக்கில் அலர்ட் எண் வந்திருந்தால், அது எதிர்முனை அனுப்பி சர்வர் வாங்கியது என்று பொருள். ஆக "சர்டிஃபிகேட் சரியில்லை" என்று சொன்னது எங்கள் பை. சர்வர் அல்ல. கோளாறைத் தேட வேண்டிய இடம் ஒரு நொடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிவிட்டது! சர்டிஃபிகேட்டை மறுபடி வாங்கலாமா, சர்வரையே மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா என்றெல்லாம் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தோம்.

அடிக்கடி வரும் எண்களை நோட்டில் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். 40 வந்தால் இருவருக்கும் பொதுவான ஏற்பாடு அமையவில்லை, பெரும்பாலும் சைஃபர் பொருந்தவில்லை. 45 சர்டிஃபிகேட் காலாவதி. 48 கையெழுத்திட்ட அதிகாரி யாரென்று தெரியவில்லை. இது பெரும்பாலும் இடைநிலை சர்டிஃபிகேட்டை சர்வரில் வைக்க மறந்ததால் வருவது. 70 பதிப்பு பொருந்தவில்லை. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021-ல் முறைப்படி விலக்கப்பட்டதால் பழைய கருவிகளில் இதைப் பார்க்கலாம். 112 அந்தப் பெயரில் தளம் இல்லை.

எங்களுக்கு வந்த 42 கொஞ்சம் பொதுவான எண். என்ன கெட்டது என்று அது சொல்லாது. ஆகவே பை-யிலேயே ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையின் எஸ்_கிளையன்ட் என்ற கருவியை ஓட்டினோம். சர்வர் பெயரும் போர்ட் 443-ம் கொடுத்தால் அது ஹேண்ட்ஷேக்கைத் தானே செய்து காட்டும். -ஸ்டேட் என்று சேர்த்தால் ஒவ்வொரு கட்டமும், -எம்எஸ்ஜி என்று சேர்த்தால் ஒவ்வொரு செய்தியும் தெரியும். வந்த வரி: வெரிஃபை எரர், எண் 9, சர்டிஃபிகேட் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை!

காலாவதி என்றால் புரியும். இன்னும் பிறக்கவே இல்லை என்றால்? உடனே டேட் கட்டளையைப் போட்டுப் பார்த்தோம். பை-யின் நாட்காட்டி மூன்று வாரம் பின்னால் இருந்தது. பை 5-க்கு முந்தைய மாடல்களில் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சிப்பே பலகையில் கிடையாது. கடைசியாக அணைத்த நேரத்தைக் குறித்து வைத்துக் கொண்டு அங்கிருந்து தொடங்கும், பிறகு நெட்வொர்க்கில் நேரம் கேட்டுத் திருத்திக் கொள்ளும். வைவா நடந்த ஹாலின் நெட்வொர்க்கில் 443 திறந்திருந்தது. நேரம் கேட்கப் பயன்படும் யுடிபி 123 அடைத்திருந்தது. இதற்கு நடுவே, ஐந்து நாளைக்கு முன்புதான் சர்வரில் சர்டிஃபிகேட் தானாகப் புதுப்பித்துக் கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய உலகத்தில் வாழும் பை-க்கு அந்தச் சர்டிஃபிகேட் எதிர்காலத்துச் சரக்கு. கையால் தேதியைத் திருத்தினோம். அடுத்த நிமிடம் அப்லோட் ஆனது. எக்ஸ்டர்னல் வந்தபோது வியர்வையைத் துடைத்துக் கொண்டிருந்தோம்.

லேப்பில் சிமாஸ் பேட்டரி செத்துப் போன கம்ப்யூட்டர்களிலும் இதேதான். தேதி பின்னுக்குப் போனால் பாதுகாப்புத் தளங்கள் எல்லாமே திறக்க மறுக்கும். இதில் எங்கள் குற்றமும் உண்டு. எங்கள் புரோகிராமில் எந்த எரர் வந்தாலும் அதை விழுங்கிவிட்டு "அப்லோட் ஃபெயில்டு" என்று மட்டும் அச்சடிக்கும்படி எழுதி வைத்திருந்தோம். அந்த ஒரு வரியில் உண்மையான எரரையும் சேர்த்து அச்சடித்திருந்தால் சர்வர் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை.

காலத்தோடு விளையாடும் இதே கோளாறு உலக அளவில் நடந்ததும் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சர்டிஃபிகேட்டுகளுக்குப் பழைய கருவிகளில் ஆதாரமாக இருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சர்டிஃபிகேட் காலாவதியானது. தளங்களின் சொந்தச் சர்டிஃபிகேட் நல்ல நிலையில் இருந்தும், ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய நூலகங்களை வைத்திருந்த கிளையன்டுகள் இணைய மறுத்தன. பிரவுசரில் திறக்கிறது, புரோகிராமில் திறக்கவில்லை என்று பலர் அன்று குழம்பினார்கள். எங்கள் வைவா நாள் போலத்தான்.

இடையில் ஒரு சுவையான விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. பூட்டில்லாத சாதாரண போர்ட் 80-க்கு யாராவது பாதுகாப்பு இணைப்பு பேச வந்தால், அக்சஸ் லாக்கில் 16 03 01 என்று ஹெக்ஸ் எண்களோடு ஒரு கிறுக்கல் வரி விழும், பக்கத்தில் 400. ஹேக்கர் வந்துவிட்டான் என்று பயப்பட வேண்டாம். ஹெக்ஸ் 16 என்றால் நம் கணக்கில் 22. டிஎல்எஸ்ஸில் ஹேண்ட்ஷேக் என்பதற்கான எண் அது. 03 01 பதிப்பு. கிளையன்ட்ஹலோவை ஹெச்டிடிபி என்று நினைத்துப் படித்திருக்கிறது சர்வர், அவ்வளவுதான்.

இதன் தலைகீழும் உண்டு. பாதுகாப்பு இணைப்பை எதிர்பார்க்கும் பிரவுசருக்கு, தவறான கான்ஃபிக் காரணமாக சர்வர் வெறும் ஹெச்டிடிபி-யில் பதில் சொன்னால், "ரெக்கார்ட் அளவு மிக நீளம்" என்ற விசித்திரமான எரர் ஃபயர்ஃபாக்ஸில் வரும். எங்கிருந்து வந்தது இந்த நீளம்? பதிலின் முதல் எழுத்துகள் ஹெச், டி, டி, பி, பிறகு ஒரு சாய்கோடு. டிஎல்எஸ் ரெக்கார்டில் முதல் பைட் வகை, அடுத்த இரண்டு பைட் பதிப்பு, அதற்கடுத்த இரண்டு பைட் நீளம். ஆக, பி-யும் சாய்கோடும் நீளமாகப் படிக்கப்படுகின்றன. பி-யின் ஆஸ்கி மதிப்பு 80, சாய்கோட்டின் மதிப்பு 47. 80-ஐ 256-ஆல் பெருக்கி 47-ஐக் கூட்டினால் 20,527. டிஎல்எஸ் ரெக்கார்டில் 16,384 பைட் டேட்டாதான் அடங்கும், பூட்டுவதால் கூடும் சில்லறையைச் சேர்த்தாலும் இவ்வளவு வராது. நீளம் அதிகம் என்று பிரவுசர் புகார் செய்கிறது! நோட்டில் போட்டுப் பாருங்கள், நான் இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று தூங்கவில்லை.

இப்போது போஸ்ட்ஃபிக்ஸ்காரர்களின் எச்சரிக்கைக்கு வருவோம். டீபக் லாக் உண்மையைப் பேசும், சரி. யாருடைய உண்மையை? ஜாவாவின் டீபக் வசதியில் ப்ளெயின்டெக்ஸ்ட் என்று ஒரு துணைத் தேர்வு உண்டு. அதைப் போட்டால் பூட்டுவதற்கு முன்னும் பூட்டைத் திறந்த பின்னும் உள்ள டேட்டா அப்படியே லாக்கில் விழும். வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு, கார்டு எண் எல்லாம்தான். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை வைத்தால் ஒவ்வொரு இணைப்பின் ரகசியச் சாவியும் ஒரு ஃபைலில் எழுதப்படும். வயர்ஷார்க்கில் அந்த ஃபைலைக் கொடுத்தால் பிடித்து வைத்த பாக்கெட்டுகள் எல்லாம் திறந்து கொள்ளும். கற்றுக் கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த ஃபைல் அடுத்தவன் கையில் கிடைத்தாலும் அவனுக்கும் அப்படியே திறக்கும். ஆகவே நம் சொந்தக் கணினியில், சொந்த இணைப்புக்கு மட்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018 மே 3 அன்று ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களைப் பாஸ்வேர்டு மாற்றிக் கொள்ளுமாறு கேட்டுக் கொண்டது. பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கும் வேலை முடிவதற்கு முன்பே, ஒரு பிழையால் அது உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்தது. யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். வழியெல்லாம் பூட்டிப் பத்திரமாக வந்த பாஸ்வேர்டு, வீட்டுக்குள் வந்ததும் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது போல ஆகிவிட்டது.

எங்கள் அணியில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். லாக் படியைத் தொடும் முன் கான்ஃபிக் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைப்பது. டீபக்கைத் திறந்தவன் யார், எத்தனை மணிக்கு என்று ஒயிட் போர்டில் எழுதுவது. கோளாறை ஒருமுறை வரவழைத்துப் பிடித்ததும் பழைய காப்பியை வைத்து ரீலோட் செய்வது. நெரிசலான சர்வரில் டீபக் ஃபைல் பார்த்துக் கொண்டிருக்கும்போதே ஊதும். டிஸ்க் நிரம்பினால் நாம் தேடிய கோளாறைவிடப் பெரிய கோளாறு வந்து சேரும். தேவையான வரிகளை மட்டும் வெட்டி எடுத்துக் கொண்டு மிச்சத்தை அழிக்க வேண்டும். லாக் ரொட்டேட் ஏற்கெனவே ஜிப் செய்து வைத்த பழைய பிரதிகளையும் சேர்த்து. வைவா நாளன்று நாங்கள் படியை எரருக்குத் திருப்பினோம். ஆனால் அந்த ஜிப் பிரதியை மறந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து சர்வரை அடுத்த செட் தம்பிகளிடம் ஒப்படைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அன்றைக்கே அழித்தோம்.